ஈப்போவில் ஒரு கெண்டித் தேநீர்

"இந்த ஊர்ல மனுசனைக் கவனிக்கவே தெரியல, ஆச்சி" என்றார் வேலாயுதம்.

உமையாள் ஆச்சியின் வாயில் கொழுக்கட்டை இருந்தது. மென்றுகொண்டே இருந்தார்.

ஈப்போவுக்குப் போய் டிம் சம் என்கிற சீனப் பலகாரம் சாப்பிடாமல் வந்தால் போனதே வீண் என்று விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லியிருந்தார். கண்ணாடி மாதிரி மெல்லிய மாவு, உள்ளே இறால், மூங்கில் தட்டில் ஆவி பறக்க வரும், வாயில் போட்டால் கரைந்துவிடும் என்று கையை ஆட்டி ஆட்டி விவரித்தார்.

இங்கே ஒன்றும் கரையவில்லை.

கொழுக்கட்டை ஆறிப்போய் அடியிலிருந்த தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தால் இறால் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். முள்ளங்கியைத் துருவிப் போட்டுச் செய்த பலகாரத்தில் எண்ணெய் உறைந்திருந்தது. எள் உருண்டையைக் கடித்த வேலாயுதம் தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இதுக்குத்தான் கடல் தாண்டி வந்தோமா?" என்றார்.

"எதுக்கு வந்தோம்?" என்றார் ஆச்சி.

வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

*

வேலாயுதம் அருப்புக்கோட்டை நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலை தெரிந்தால் போதும், ஓட்டல்காரர்கள் ஓடிப்போய்த் திறந்து கிடக்கிற பாத்திரத்தை எல்லாம் மூடுவார்கள். வடைத் தட்டு, சாம்பார் வாளி, தண்ணீர்ப் பானை, எது திறந்திருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. ஊரில் அவருக்கு 'மூடி சார்' என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

உமையாள் ஆச்சி அவரைவிட இருபது வயது சின்னவர். தேவகோட்டையில் அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் ஞான விஷயம் கேட்கப் போய் உட்கார்ந்திருப்பார்கள். ஆச்சி காவி கட்டியவர் இல்லை. மீன் சாப்பிடுவார். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். இது தெரிந்ததும் வந்தவர்களில் பாதிப் பேர் மெல்ல நழுவிவிட்டார்கள்.

வேலாயுதம் நழுவவில்லை. அவரிடம் ஒரு கேள்வி இருந்தது.

அந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு சட்டை மாற்றிக்கொண்டு வரும். பற்று என்றால் என்ன? கடமை பெரிதா, பாசம் பெரிதா? பெற்றவர்களை மறப்பது எந்த வகைப் பாவம்? எப்படிச் சுற்றி வந்தாலும் கடைசியில் ஒரே பெண்ணிடம் போய் நிற்கும்.

அவருடைய மகள் தாரணி. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில் லியோங் என்கிற சீனரைக் கல்யாணம் செய்துகொண்டு, இப்போது இதே ஈப்போவில் குடியிருக்கிறாள். ஏழு வருடமாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

அம்மாவிடம் பேசுவாள். வாரா வாரம் அந்த போன் மணி அடித்ததும் வேலாயுதம் கொல்லைப்புறம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஈப்போத் தமிழர்கள் ஆச்சியைப் பேச அழைத்தபோது, "பெட்டி தூக்க ஆள் வேணும்ல, நான் வர்றேன்" என்றார் வேலாயுதம்.

ஆச்சியிடம் இருந்தது ஒரே ஒரு துணிப்பை.

கிளம்பும்போது அவர் மனைவி பாக்கியம் ஒரு டப்பா காரச்சேவைப் பையில் வைத்தாள். சாத்தூர்ச் சேவு. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"எந்த ஓட்டல்ல தங்குறீகன்னு அவகிட்டச் சொல்லிட்டேன்" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

*

ஆச்சியின் பேச்சு முடிந்துவிட்டது. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். தாரணி வரவில்லை.

இன்று மதியம் கோலாலம்பூருக்குப் பஸ். அங்கிருந்து விமானம். அதற்குள் அவள் வந்தால் உண்டு. இல்லாவிட்டால் இவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டு மகளின் முகத்தைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதுதான்.

காலையில் வேலாயுதம் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டல் வரவேற்பறையில் கண்ணாடிக் கதவுக்கு நேராக உட்கார்ந்துவிட்டார். மடியில் பை. கதவு திறக்கும்போதெல்லாம் முதுகு தானாக நிமிர்ந்தது.

"அண்ணே, சாப்பிடப் போவமா? டிம் சம் காலை நேரத்துச் சாப்பாடு. போகப் போக ஆறிரும்" என்றார் ஆச்சி.

"கொஞ்ச நேரம் இருப்போம், ஆச்சி. வெயில் தாழட்டும்."

காலை வெயில் எங்கே தாழும்? ஏறித்தான் போகும். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வயிறு கூப்பிடும் சத்தம் வேலாயுதத்துக்கே கேட்டது.

கடைசியில் பசிதான் ஜெயித்தது. கடைக்கு வந்து சேர்ந்தபோது தள்ளுவண்டிகளில் முக்கால்வாசித் தட்டு காலி. மிச்சம் இருந்ததைக் கை காட்டி வாங்கினார்கள். ஒரு பீங்கான் கெண்டியில் டீ வந்தது. சூடு இருந்தது அது ஒன்றில்தான். ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்ததும் அதுவும் தீர்ந்தது.

*

ஆச்சி கெண்டியின் மூடியை எடுத்து உள்ளே பார்த்தார். பிறகு மூடியைச் சரியாக மூடாமல், வாயின் மேல் சாய்த்து வைத்தார்.

வேலாயுதம் கையை நீட்டி அதை நேராக மூடினார்.

"பல்லி விழுந்துரும், ஆச்சி."

"இங்க பல்லி இருக்கா?"

"பல்லி இல்லாத ஊரு எது?"

ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டார். நியாயம்தான் என்பது மாதிரி இருந்தது.

பெரிய கெட்டிலில் கொதிநீரைத் தூக்கிக்கொண்டு ஒரு சீன அம்மாள் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். இவர்கள் மேசைப் பக்கம் வந்தார். கெண்டியை ஒரு பார்வை பார்த்தார். நிற்காமல் தாண்டிப் போனார்.

"பாத்தீகளா?" என்றார் வேலாயுதம். "பாத்துட்டே போகுது."

"கூப்பிடுங்களேன்."

"நான் எதுக்குக் கூப்பிடணும்? வந்து உக்காந்திருக்கிறது தெரியுதுல்ல? தானா வந்து கவனிக்க வேண்டாமா?"

"வேணும்தான்."

"கேட்டு வாங்கிக் குடிக்கிறது ஒரு டீயா?"

ஆச்சி மறுபடி மூடியைத் தூக்கினார். மறுபடி சாய்த்து வைத்தார்.

வேலாயுதம் பேச்சு வேகத்தில் அதைத் திரும்ப மூடினார். மூடியது அவருக்கே தெரியாது. முப்பது வருடப் பழக்கம்.

*

"ஆச்சி, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க."

"காத்திருக்கிறது தவமா, வீம்பா?"

"யாருக்குக் காத்திருக்கீக?"

"பொதுவாத்தான் கேக்குறேன்."

"பொதுவா யாரும் யாருக்கும் காத்திருக்கிறதில்ல, அண்ணே."

வேலாயுதம் எள் உருண்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். இனி சுற்றி வளைக்கவும் நேரம் இல்லை. பஸ் மதியம்.

"அவளுக்கு நான் வந்திருக்கிறது தெரியும். ஓட்டல் தெரியும். அவங்க அம்மா சொல்லியாச்சு. வீடு இங்க பக்கத்துலதானாம். வந்து எட்டிப் பாத்தா என்ன ஆயிரும்? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"கடைசியா அவகிட்ட என்ன சொன்னீக?"

"அது எப்பவோ. ஏழு வருசம் ஆச்சு."

"என்ன சொன்னீக?"

"கோவத்துல என்னென்னமோ சொல்றதுதான். எல்லாமா ஞாபகம் இருக்கும்?"

ஆச்சி காத்திருந்தார்.

"'நானாக் கூப்பிடாம என் வாசல்ல கால் வைக்காதே'ன்னேன்."

சொல்லிவிட்டு அவசரமாகத் தொடர்ந்தார். "வாசல்னுதான் சொன்னேன். அது அருப்புக்கோட்டை வாசல். இந்த ஊர் ஓட்டலுக்கு வரக்கூடாதுன்னா சொன்னேன்?"

ஆச்சி சிரிக்கவில்லை. தெருமுனை வரை கேட்கும் அந்தச் சிரிப்பு வந்திருந்தால் வேலாயுதத்துக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"சின்ன வயசுல சொன்ன பேச்சைக் கேப்பாளா?" என்று கேட்டார் ஆச்சி.

"யாரு, தாரணியா? அவளை மாதிரிச் சொன்ன பேச்சுக் கேக்குற பிள்ளை ஊர்லயே கிடையாது. மழையில விளையாடாதேன்னா, மழை விட்ட பிறகும் வந்து 'இப்பப் போகலாமாப்பா'ன்னு கேட்டுட்டுத்தான் தெருவுல இறங்குவா."

அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. மகளைப் பற்றிப் பேசினால் அவர் முகம் அப்படித்தான் ஆகும். கோபமும் இருக்கும், பெருமையும் இருக்கும், இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும்.

ஆச்சி மூடியை எடுத்துச் சாய்த்து வைத்தார்.

வேலாயுதம் மூடினார்.

*

கெட்டில்காரம்மாள் இன்னொரு சுற்று வந்தார். மறுபடி கெண்டியைப் பார்த்தார். மறுபடி தாண்டிப் போனார்.

வேலாயுதத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாம் வெளியூர் என்பதால் ஏளனம். நாம் கறுப்பு என்பதால் ஏளனம். இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். இந்த ஜனத்தில்தான் போய்த் தன் மகள் விழுந்தாள் என்றும் நினைத்துக்கொண்டார்.

பழைய ஆய்வாளர் விழித்துக்கொண்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடையை நாலாபுறமும் அளந்தார். குறை கண்டுபிடிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஆச்சி, சுத்தத்தைப் பாருங்க. அந்த மேசையில கெண்டியைத் திறந்து போட்டிருக்கான். அந்தா, அங்கயும் திறந்திருக்கு. அந்தக் குடும்பத்து மேசையைப் பாருங்க, மூடியைக் கழத்தி ஓரத்துல சாய்ச்சே வச்சிருக்கான். ஈ விழாது? தூசி விழாது? நம்ம ஊரா இருந்தா நான் இந்நேரம்..."

கெட்டில்காரம்மாள் அந்தக் குடும்பத்து மேசைக்குப் போனார். கொதிநீர் ஊற்றினார். மூடியை மூடினார்.

யாரும் கூப்பிடவில்லை. யாரும் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்து, மூடி சாய்ந்திருந்த இன்னொரு மேசை. ஊற்றினார், மூடினார்.

நடுவில் ஒரு மேசையில் கெண்டி மூடியிருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்.

பக்கத்து மேசையில் தனியாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே தன் கெண்டி மூடியை விரலால் தூக்கிச் சாய்த்து வைத்தார். பக்கம் புரட்டினார். அவர் அந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் கெட்டில் வந்துவிட்டது.

வேலாயுதம் வாய் திறந்தபடி இருந்தார்.

பிறகு மெல்லத் தலையைத் திருப்பித் தன் மேசையில் இருந்த கெண்டியைப் பார்த்தார். அது மூடியிருந்தது. ஒரு எறும்புகூட நுழைய முடியாது. அவ்வளவு நேர்த்தியாக மூடியிருந்தது.

*

"ஆச்சி."

"ம்."

"நீங்க சின்னப் பிள்ளையில இந்த ஊர்லதான இருந்தீக?"

"எங்க அப்பச்சி இங்க துணிக்கடை வச்சிருந்தாக. சில வருசம் இருந்தேன்."

"அப்ப இது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஒவ்வொரு தடவையும் திறந்துதான வச்சேன்" என்றார் ஆச்சி.

வேலாயுதம் தன் வலது கையைப் பார்த்தார். எத்தனையோ ஓட்டல்களில் எத்தனையோ மூடிகளை எடுத்து மூடிய கை. ஒழுக்கமான கை. இது டீயைப் பற்றிய விஷயம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

"அந்தம்மா மேல தப்பில்ல" என்றார்.

ஆச்சி காலிக் கோப்பைகளைக் கெண்டிப் பக்கம் நகர்த்தினார்.

"அது நம்மளை மதிச்சுத்தான் தாண்டிப் போயிருக்கு. மூடியிருக்கே, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு."

ஆச்சி ஆறிப்போன கொழுக்கட்டையில் மிச்சம் இருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார்.

*

வேலாயுதம் கெண்டியின் மூடியைப் பிடித்தார்.

ஒரு சின்ன மூடி. அதைத் தூக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது. தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டுக் கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். இல்லாவிட்டால் அது தானாகப் போய் மூடிவிடும் என்று அவருக்குப் பயம்.

கெட்டில்காரம்மாள் வந்தார். ஊற்றினார். ஆவி வேலாயுதத்தின் கண்ணாடியில் படிந்தது.

"தேங்க்யூ" என்றார் வேலாயுதம்.

அந்தம்மாள் சிரித்துவிட்டுப் போனார்.

டீயை இரண்டு கோப்பையிலும் ஊற்றினார், கெண்டி மூடியை மறுபடி சாய்த்தே வைத்தார். குடிக்கவில்லை. பையைத் திறந்து சேவு டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தார். பாக்கியம் ஒட்டிய டேப்பின் நுனியைத் தேடி நகத்தால் கீறினார். அது நெடுநேரம் வரவில்லை. வந்ததும் சுற்றிச் சுற்றி உரித்து உருட்டித் தட்டில் போட்டார். மூடியைத் திறந்தார். காரமும் பூண்டும் கலந்த வாசனை வந்தது. பக்கத்து மேசைப் பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார்.

டப்பாவைத் திறந்தபடியே விட்டார்.

பிறகு செல்போனை எடுத்தார். தாரணியின் எண்ணைப் பாக்கியம் எப்போதோ அதில் ஏற்றி வைத்திருந்தாள். அவர் அதை அழிக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

இப்போது அழுத்தினார்.

முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இத்தனை நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அப்பா" என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "சாப்ட்டீகளா?" என்றாள்.

ஏழு வருடம் ஆகியும் அந்தச் 'சாப்ட்டீகளா' அருப்புக்கோட்டையை விட்டு நகரவே இல்லை.

வேலாயுதம் மூங்கில் தட்டுகளைப் பார்த்தார். பிய்ந்த மாவு, ஒட்டிக்கொண்ட தாள், ஓரத்துக்குத் தள்ளிய எள் உருண்டை.

"இல்ல தாயி" என்றார். "இன்னும் சாப்பிடல. நீ வா."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. இவர் பக்கம் கேட்காமல் பார்த்துக்கொண்டார்.

ஆச்சி எழுந்து போய்க் காலி மேசையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து வந்து வேலாயுதத்தின் பக்கத்தில் வைத்தார்.

"எங்க இருக்கீக? கடைப் பேரு என்னப்பா?"

"சீனத்துல எழுதியிருக்கு. எனக்கு எங்க வாசிக்கத் தெரியுது?"

"போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் அவர்கிட்டக் காட்டி..."

அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

போன் வேலாயுதத்தின் காதில் இருந்தது. அவருடைய இன்னொரு கை, அவருக்குத் தெரியாமல், மேசைக்கு அடியிலிருந்து கெண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஆச்சி மறுபடி எழுந்தார். இன்னொரு கோப்பையை எடுத்து வந்தார். முதல் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். உட்கார்ந்து தன் டீயைக் குடித்தார்.

வேலாயுதம் அந்த இரண்டாவது கோப்பையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கை பாதி வழியில் நின்றது.

"அப்பா? இருக்கீகளா?"

"இருக்கேன்" என்றார். "போட்டோ அனுப்புறேன், தாயி. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."